அந்தத் தேதியில் யாருக்குத் தெரியும்?

மினசோட்டாவில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுரை சொல்ல வருபவர்கள் பேராசிரியர் லியோனா பிராண்ட்வோல்டின் கேள்வி ஒன்றுக்குத் தயாராகத்தான் வருவார்கள்: “அந்தத் தேதியில இது யாருக்குத் தெரியும்?”

டிசம்பரோடு முடியும் நிறுவனக் கணக்கு வெளியே வர வசந்தம் பிறந்துவிடும். அதை ஜனவரியிலேயே தெரிந்ததாக வைத்துப் பங்கு வாங்கினால், காகிதத்தில் யாரும் கோடீஸ்வரர் ஆகலாம். செய்தி விலைக்குள் எவ்வளவு வேகமாக நுழைகிறது என்பதே லியோனாவின் வாழ்நாள் ஆய்வு. பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல அதில் அதிகமில்லை. மற்றவர்களின் கண்டுபிடிப்புகள் பலவற்றை இல்லாமல் ஆக்கியதுதான் அதிகம்.

அந்த வியாழக்கிழமை மேடையில் நின்றவன் அங்கேயே வேலை பார்க்கும் தியோ மார்ஷான். லியோனாவோடு சேர்ந்து எழுதிய கட்டுரை. மறுநாள் அவனுக்கு நிரந்தரப் பணி தருவதா வேண்டாமா என்று துறை ஓட்டுப் போடுகிறது. இல்லையென்றால் அடுத்த ஆண்டு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அவன் கையில் இருந்த பெரிய சரக்கு இந்தக் கட்டுரை மட்டுமே.

இந்த உரைகளில் யாரையும் முழுதாகப் பேச விடும் வழக்கமில்லை. முதல் படம் திரையில் விழுந்ததுமே குறுக்கே பாய்வார்கள். அன்று யாரும் பாயவில்லை. லியோனாவின் பெயர் இருக்கும் கட்டுரையில் தேதியைச் சோதிக்க என்ன இருக்கிறது என்று சாண்ட்விச் மென்றுகொண்டிருந்தார்கள்.

சிறு நிறுவனங்களின் அட்டவணை வந்தது. அவற்றின் பங்கை வாங்கினால் வரும் லாபம் மிக அழகாக ஏறியிருந்தது. முன்வரிசையில் இருந்த லியோனா அந்த எண்களை மறுபடி பார்த்தார். சிறு நிறுவனங்களின் தரவைக் கடைசியில் சேர்த்தவர் அவர்தான். பெரிய நிறுவனங்களுக்குக் கணக்குத் தேதியை அது வெளியாகும் மாதத்துக்குத் தள்ளி வைத்தார். இவற்றுக்கு? வைத்ததாக எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தார். தியோ அடுத்த படத்துக்குப் போகப் பொத்தான்மேல் விரலை வைத்தான்.

“தியோ, நில்லு. இந்தக் கம்பெனிகளோட லாபக் கணக்கு ஜனவரியில யாருக்குத் தெரியும்?”

துறைத்தலைவர் டன்லீவி சிரித்துவிட்டார். “ஏம்மா லியோனா, சொந்தக் கட்டுரையையும் விடமாட்டியா?”

அறையே சிரித்தது. தியோ சிரிக்கவில்லை. “அது நீங்க செஞ்ச பகுதியாச்சே,” என்றான்.

“ஆமா, நான் செஞ்சதுதான். தேதியைத் தள்ளி வைக்கலைன்னு நினைக்கிறேன்.”

சிரிப்பு நின்றது. மீதி உரையைத் தியோ எப்படியோ பேசி முடித்தான். அதன்பின் அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நடைக்கூடத்தில் லியோனாவை மறித்தான். “நாளைக்கு ஓட்டு. ஒரே ஒரு நாள் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?”

“நாளன்னிக்குச் சொன்னாலும், இன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுதானே இருக்கும்?”

“பாடம் நடத்தாதீங்க. உங்களுக்கு வேலை இருக்கு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க, வீட்டுக் கடன்.”

லியோனா அறைக்குப் போய் தேதியைத் தள்ளிவைத்துக் கணக்கை மறுபடி ஓட்டினார். சிறு நிறுவனப் பங்குகளில் வந்த லாபம் ஏறக்குறைய மறைந்தது. முடிவை டன்லீவிக்கு அனுப்பினார். பிழை முழுக்கத் தன்னுடையது என்றும் எழுதினார். கட்டுரையில் தன் பெயரும் இருப்பதால் ஓட்டுப் போடும் அறைக்குள் அவருக்கு இடமில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் டன்லீவி கதவைத் தட்டினார். “தியோவுக்கு வேலை கிடைக்கலை, லியோனா. உன் கடிதத்தைப் படிச்சோம். பிழை யாரோடதா இருந்தா என்ன, கட்டுரை போச்சேன்னுட்டாங்க.”

லியோனா செய்தது துணிச்சல் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். அவ்வளவு பெரிய சொல் தேவையில்லை. பிறர்மேல் இத்தனை வருடம் வீசிய கேள்வியைத் தன்மேல் வீசாமல் அவரால் உட்கார முடியவில்லை. அதன் விலையை இன்னொருவன் கொடுத்தான். இரண்டும் உண்மை.

கட்டுரையை ஏற்றிருந்த ஆய்விதழுக்கான திருத்தக் குறிப்பைத் தன் பெயரில் மட்டும் எழுதித் தியோவுக்கு அனுப்பினார். திங்களன்று பதில் வந்தது.

“என் பேரையும் போடுங்க. அந்த அட்டவணையை நானும்தான் பார்த்தேன், கேட்கலை. இனிமே எனக்கு எழுத வேண்டாம்.”

லியோனா அவன் பெயரைச் சேர்த்து அனுப்பினார். அவனுக்குப் பதில் எழுதவில்லை.