சிவப்புப் படம் வந்தால் கொடுக்கலாம்

போன வாரம் என் மகள் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இதப் பாருப்பா, என் ஃபைல் எல்லாத்துக்கும் ஒரே படமா மாறிப்போச்சு" என்றாள். ஏதோ ஒரு இலவச மென்பொருளை இறக்கியிருக்கிறாள். அது வந்து உட்கார்ந்ததும் பாடக் குறிப்பு, கட்டுரை, கல்லூரி விண்ணப்பம் என்று எல்லாவற்றின் மேலும் தன்னுடைய சிவப்பு முத்திரையைக் குத்திவிட்டது. சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். ஆனால் எனக்கு நெற்றி வேர்த்துவிட்டது. "இதுக்கா உனக்கு இப்படி வேர்க்குது?" என்று மனைவி சிரித்தாள். சிரிக்கட்டும். அவளுக்கு இந்தக் கதையை நான் முழுசாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்.

அந்தச் சிவப்பைப் பார்த்தால் எனக்கு ஸ்பிரிட் வாசனை வரும். ஸ்பிரிட், ஈரப் பஞ்சு, அதற்கு மேல் அவித்த மல்லாட்டை வாசனை, எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன லேப் இருந்தது. உடம்பில் கட்டி, கழலை என்று எதை எடுத்தாலும் ஒரு துணுக்கை அங்கே அனுப்புவார்கள். டாக்டரம்மா வாரத்தில் மூன்று நாள் வந்து, அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நல்லதா கெட்டதா என்று எழுதுவார். மல்லாட்டை வாசனை பிலோமினா அக்காவுடையது. முன் மேசை அவர்தான். ரிப்போர்ட் தட்டச்சு செய்வது, அச்செடுத்துக் கொடுப்பது, கூட்டம் கூடினால் அதட்டுவது எல்லாம் அவர்தான். மேசை இழுப்பறையில் ஜெபமாலையும் மல்லாட்டைப் பொட்டலமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.

நான் அப்போது விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு கடைகளுக்கும் ஆபீசுகளுக்கும் சின்னச் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். லேப்புக்கு ஒன்று கேட்டார்கள். நோயாளி பெயரைத் தட்டினால் அவருடைய ஃபைல்கள் வரிசையாகத் திரையில் வர வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது போதாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் அதன் படமும், ஐகான் என்பார்களே, அதுவும் வர வேண்டும் என்று ஆசை. இளமைத் திமிர்.

ஃபைலின் பெயருக்கு ஒரு வால் உண்டு, தெரியுமல்லவா? புள்ளி வைத்து மூன்று நான்கு எழுத்து. அந்த வாலைச் சொல்லி, "இதற்கு என்ன படம்?" என்று கணினியைக் கேட்டால், அந்த வகை ஃபைலைத் திறக்கிற மென்பொருளின் படத்தை அது எடுத்துக் கொடுக்கும். கேட்கிற விதத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. முதலில் படம் வந்தது, சுற்றிலும் கறுப்புக் கட்டத்தோடு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி. அதைச் சரி செய்தேன். பிறகு இன்னொரு தொல்லை. வாங்கிய படத்தைக் காட்டி முடித்ததும் கணினியிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும். நான் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டே போனேன். மத்தியானத்துக்குள் திரை பாதி வெளுத்து அப்படியே நின்றுவிட்டது. "இன்னா தம்பி, பேஜாரு பண்ணுது உன் பொட்டி" என்று பிலோமினா அக்கா ஃபோன் செய்தார். பாசஞ்சர் ரயிலைப் பிடித்துப் போய் அதையும் சரி செய்தேன்.

அதற்கப்புறம் அழகாக ஓடியது. அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டத் தெரியும், ஆனால் நீளமான ஃபைல் பெயர்களைப் படிக்கப் பொறுமை கிடையாது. அவருக்குப் படம் போதும். நீலப் படம் என்றால் டாக்டரம்மா இன்னும் பார்க்காத வரைவு. பார்த்து முடித்ததை டாக்டரம்மா வேறு வால் வைத்துச் சேமிப்பார், அதற்குச் சிவப்புப் படம்; சிவப்பு என்றால் கொடுக்கலாம். "சிவப்பு வந்தா குடுத்துடலாங்க்கா" என்று நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிவிட்டுப் பெருமையாக டீயும் குடித்தேன்.

இங்கே லேப்பின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வரைவை அக்கா புதிதாக அடிக்க மாட்டார். முன்பு முடிந்துபோன யாருடைய ரிப்போர்ட்டையாவது திறந்து, பெயர், வயது, ஊர் மூன்றையும் மாற்றி வரைவாக வைத்துவிடுவார். கீழே இருக்கும் முடிவு பழைய ஆளுடையதாகவே இருக்கும். ஸ்கேன் செய்து ஒட்டிய டாக்டரம்மாவின் கையெழுத்துகூட அப்படியே இருக்கும். டாக்டரம்மா வந்து தகட்டைப் பார்த்துவிட்டு அந்த முடிவை அழித்துச் சொந்தமாக எழுதுவார். வேலை சுளுவாக முடியும் என்று எல்லோருமே அப்படித்தான் செய்துவந்தோம். அதிலிருந்த ஆபத்து ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும் படவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கணினியைத் துடைத்துப் பார்க்க சர்வீஸ்காரர் ஒருவர் வந்தார். எல்லா வகை ஃபைலையும் திறக்கும் என்று சொல்லி ஒரு இலவச மென்பொருளைப் போட்டுவிட்டுப் போனார். அதற்கு ஒரே படம்தான், சிவப்பு. என் புரோகிராம் வழக்கம்போல, "இதற்கு என்ன படம்?" என்று கேட்டது. கணினி உண்மையைத்தான் சொன்னது. நீலம் ஒன்றுகூட இல்லாமல் போயிற்று.

மறுநாள் சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "பிலோமினா, இந்த அஞ்சலை, திருவக்கரை. இவங்கள உடனே வரச் சொல்லு. இது தள்ளிப்போடுற கேஸ் இல்ல" என்றார்.

அக்கா சிரித்துக்கொண்டே, "அவங்க நேத்தே வந்து ரிப்போர்ட்டு வாங்கிக்கினு போய்ட்டாங்களே டாக்டர்" என்றார்.

"நான் இப்பதான் பாக்குறேன். என்னத்தைக் குடுத்த?"

அக்காவின் முகத்தில் சிரிப்பு வற்றியதை நான் பார்த்தேன். "நேத்து எல்லாமே சிவப்பா இருந்திச்சி டாக்டர். வியாழக்கெழமயே எல்லாத்தையும் முடிச்சிட்டுப் போயிருக்கீங்கன்னு சந்தோசப்பட்டேன்."

திரையைத் திறந்து பார்த்தோம். அஞ்சலையின் பெயருக்குக் கீழே வேறு யாருக்கோ எழுதிய முடிவு இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டிதான் என்று. கீழே கையெழுத்து. வெள்ளிக்கிழமை மூன்று பேருக்குத்தான் ரிப்போர்ட் போயிருந்தது. மற்ற இரண்டும் டாக்டரம்மா பார்த்து முடித்தவை. அதைத் தெரிந்துகொள்ளும் வரையில் நான் மூச்சு விட்டேனா என்று எனக்கு நினைவில்லை.

ரிஜிஸ்டரில் இருந்தது பக்கத்து வீட்டு நம்பர். அக்கா அழைத்தார். எதிர்முனையில் ஒரு பெண் குரல், எனக்கே கேட்டது, அவ்வளவு உற்சாகம். "அஞ்சலக்காவா? கோயில்ல பொங்க வெச்சிக்கினு இருக்குது. ரிப்போர்ட்டு நல்லா வந்திச்சில்ல, அதான். பௌர்ணமியும் அதுவுமா வேண்டுதல முடிச்சிடறேன்னு போயிருக்குது."

அக்கா ஃபோனை வைத்துவிட்டார்.

"ஃபோன்ல சொல்ற விஷயமில்ல இது" என்றார் டாக்டரம்மா. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நேர்ல போய்ச் சொல்லுங்க. இன்னைக்கே. அந்தப் பேப்பரையும் வாங்கிட்டு வந்துடுங்க. திங்கக்கிழமை காலைல நானே பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசுறேன்."

"நாந்தான குடுத்தேன், நானும் வர்றேன். ஜல்தி கெளம்பு தம்பி" என்று அக்கா இழுப்பறையைத் திறந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்.

மயிலம் வழியாகப் போகிற பஸ். பௌர்ணமிக் கூட்டம், நிற்க இடமில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: பஸ் எங்கேயாவது பழுதாகி நின்றுவிடாதா என்று நான் வேண்டிக்கொண்டே வந்தேன். அந்தம்மாவுக்காக வேண்டவில்லை, எனக்காக. முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் போய், நேற்று கொடுத்த உயிரை இன்று திருப்பிக் கேட்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது? அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தார்.

கோயிலைச் சுற்றி எலுமிச்சம்பழக் கடைகளும் குங்குமக் கடைகளும் ஜனக் கூட்டமுமாக இருந்தது. திடலில் வரிசையாகப் பொங்கல் அடுப்புகள். புகை கண்ணைக் கரித்தது. நாங்கள் தேடுவதற்கு முன் அவரே எங்களைப் பார்த்துவிட்டார். அம்பது வயசு இருக்கும். மஞ்சள் புடவை, தலை நிறையப் பூ.

"அட, லேப்புக்கார பொண்ணு! நீ வேதக்காரப் பொண்ணாச்சே, சர்ச்சுக்குப் போறவளாச்சே, எங்க ஆத்தாளப் பாக்க வந்தியா? வா வா, நல்ல நேரத்துலதான் வந்திருக்க. மொத பொங்கலு உனக்குத்தான்" என்று இரண்டு இலைகளில் அள்ளி வைத்து, ஒன்றை என் கையில் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டேன். வாங்கியதோடு விட்டேனா? தின்னவும் தின்றேன். வாயில் பொங்கல் இருந்தால் பேச வேண்டியதில்லை அல்லவா.

"சொல்லு தம்பி" என்றார் அக்கா.

நான் ஆரம்பித்தேன். எதிலிருந்து தெரியுமா? படத்திலிருந்து. "அம்மா, கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு படம் வரும்ங்க. நீலமா இருந்தா ஒண்ணு, சிவப்பா இருந்தா ஒண்ணு. ஒரு புது சாஃப்ட்வேர் போட்டதால அந்தப் படம் மாறிப்போயி..." என்று கொதிக்கிற பானைக்குப் பக்கத்தில் நின்று பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இன்னாப்பா சொல்ற நீ? ஒண்ணும் புரியலயே" என்றார்.

பிலோமினா அக்கா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அம்மா, நேத்து நான் குடுத்தது உங்க ரிப்போர்ட்டு இல்லம்மா. தப்பா குடுத்துட்டேன். உங்களுது இன்னிக்குத்தான் வந்திச்சி. நீங்க திங்கக்கெழம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மெல்லத் தரையில் உட்கார்ந்தார். பானை பொங்கி அடுப்பில் வழிந்தது, யாரும் தொடவில்லை. அவர் அழுவார், கத்துவார், கூட்டத்தைக் கூட்டி என்னை அடிக்கச் சொல்வார் என்று நான் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன். அடித்திருக்கலாம், தகும்.

"அப்ப அந்தப் பேப்பரு யாருதும்மா?" என்றார்.

"வேற ஒருத்தவங்களுதும்மா. பழசு."

"அவங்க நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்கம்மா."

"இருக்கட்டும்" என்று எழுந்து, வழிந்த பானையைத் துணியால் பிடித்து இறக்கினார். "வெச்ச பொங்கல இன்னா பண்றது. வர்றவங்களுக்குப் போடு பொண்ணே." அக்கா இலை போட, அவர் அள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். எதற்கென்று தெரியாமலே ஜனங்கள் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பேப்பரை வாங்கி வரச் சொன்னார்களே என்ற பயம் எனக்கு. கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். இடுப்பில் சுருக்குப் பைக்குள் நான்காக மடித்து வைத்திருந்தார். பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இன்னிக்கி ஒரு நாளு இது எங்கிட்டயே இருக்கட்டும்பா" என்றார். நான் மறுபடி கேட்கவில்லை.

திங்கள் காலை லேப் கதவு திறப்பதற்கு முன் வாசலில் நின்றிருந்தார். அந்தப் பேப்பரை மடிப்புக் கலையாமல் கொடுத்துவிட்டு, தன்னுடையதை வாங்கிக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறினார். ஆபரேஷன் ஆயிற்று. முடியெல்லாம் கொட்டிற்று. இன்னும் ஒரு மாதம் அந்த நல்ல பேப்பரை நம்பி வீட்டில் இருந்திருந்தால் கை வைக்கவே முடிந்திருக்காது என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். எதற்குச் சொன்னார் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

புரோகிராமை மாற்றினேன். கணினியிடம் படம் கேட்கிற வேலையே இல்லை. நானே இரண்டு படம் வரைந்தேன். டாக்டரம்மா தன் பெயரைத் தட்டினால்தான் இரண்டாவது படம் வரும், வந்தால்தான் அச்சு ஓடும். பழைய ரிப்போர்ட்டின் மேல் அடிக்கிற வழக்கமும் நின்றது. ஆனால் பிலோமினா அக்கா அதற்கப்புறம் எந்தப் படத்தையும் நம்பவில்லை. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாய்விட்டுப் படித்த பிறகே கொடுப்பார். வரிசை சந்துவரை நின்றாலும் சரிதான்.

இப்போது அந்த லேப் இல்லை. அங்கே செல்ஃபோன் கவர் விற்கிறார்கள். டாக்டரம்மா பிள்ளையோடு வெளிநாடு போய்விட்டார். என் புரோகிராம் எந்தக் கணினியிலும் இல்லை. ரிப்போர்ட் எல்லாம் நேராக அவரவர் ஃபோனுக்கே வருகிறது.

இன்னொன்றும் இப்போது இல்லை. ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அஞ்சலையம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி எனக்கு ஃபோன் செய்வார், அதே பக்கத்து வீட்டு நம்பரிலிருந்து. சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரம். "தம்பி, இருக்கேன்பா" என்பார். "சரிங்கம்மா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு வேலை ஓடாது. மணி அடிக்கும்வரை சோறு இறங்காது. இப்படியே நான்கு வருடம் போயிற்று. பிறகு ஒரு பௌர்ணமிக்கு மணி அடிக்கவில்லை. பிலோமினா அக்காவுக்கு ஃபோன் அடித்து, "உங்களுக்கு எதாவது தெரியுமாக்கா?" என்றேன். "நீ கேட்டுச் சொல்லு தம்பி, எனக்கு பயமா இருக்குது" என்றார். அடுத்த பௌர்ணமிக்கும் வரவில்லை. அந்த நம்பர் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. நான் இதுவரை அழைக்கவில்லை. அழைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள்.