அப்டி யாரும் இங்க இல்ல

எண்ணூர் கன்டெய்னர் யார்டின் கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த போன் வந்தது. நான் சேரவேண்டிய கிண்டி கம்பெனியின் சார்பில் விவரங்களைச் சரிபார்க்கும் பெண்.

"சார், நீங்க கொடுத்த அட்ரஸ்ல அப்படி ஒருத்தர் இல்லன்னு ரிப்போர்ட் வந்திருக்கு."

நான் சிரித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன்.

"ரிப்போர்ட் அப்படித்தான் சார் இருக்கு. கம்பெனிக்கு அனுப்பிட்டோம். நீங்க அவங்களுக்கு மெயில் போட்டுப் பாருங்க."

கோபமாகப் பேசியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவள் இதைப் போல நாள் முழுக்கப் பலரிடம் சொல்லிக்கொண்டிருப்பவள். வைத்துவிட்டாள்.

யார்டில் நான் செக்கர். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியையும் சுற்றிவந்து, எங்கே அடிபட்டிருக்கிறது, எங்கே ஓட்டை, கதவில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து எழுதவேண்டும். அந்த வேலையில் கெட்ட பெயர் வாங்குவது சுலபம். லாரிகள் சாலையில் மைல் கணக்கில் நிற்கும். வெயிலில் காய்ந்துபோன டிரைவர்கள், சீக்கிரம் விடச் சொல்லி எதையாவது கையில் திணிக்கப் பார்ப்பார்கள். நான் வாங்கவில்லை. ஆரம்பத்தில், "இன்னா மாமு, கலெக்டருக்குப் படிக்கிறியா?" என்று கிண்டல் செய்தார்கள். போகப்போக, பெட்டியில் அடி பற்றித் தகராறு வந்தால், "அந்தத் தம்பி எழுதிச்சின்னா வுட்ரு, கரீட்டா இருக்கும்" என்று அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கியபோதுகூட அப்படி ஒரு மகிழ்ச்சி எனக்கு இல்லை.

ஆனாலும் அங்கேயே இருந்துவிட முடியாது என்று தெரிந்தது. என்னோடு வேலை செய்த செக்கர்களில் தலை நரைத்தவர்களும் செக்கர்களாகவேதான் இருந்தார்கள். சாம்பலும் கரித்தூளும் கலந்த காற்றில் எனக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல் சரக்கு ஆவண வேலைக்கான வகுப்புக்குப் போனேன். கிண்டியில் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. எங்கள் யார்டு மேனேஜருக்கு போன் செய்து என்னைப் பற்றிக் கேட்டார்கள். "இந்தப் பையனை விடறதுக்கு எனக்கு மனசே இல்லன்னு சொன்னேன்" என்று அவரே என்னிடம் வந்து சொன்னார். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். மிச்சமிருந்தது முகவரி மட்டும்தான்.

எங்கள் வீடு திருவொற்றியூரில் கடலோரக் குடியிருப்பில் இரண்டாம் மாடி. கதவுகளில் பழைய எண், புதிய எண், யாரோ சுண்ணாம்பில் எழுதிவிட்டுப் போன எண் என்று மூன்று இருக்கும். விசாரிக்காமல் யாரும் யார் வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது. முகவரி பார்க்க வந்தவன் பகலில் வந்திருக்கிறான். அம்மா இறால் கம்பெனிக்குப் போயிருந்தாள். அப்பா துறைமுகத்தில். யார்டில் போனை கேட்டிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்பதால் அவன் கூப்பிட்டதும் எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கீழ் வீட்டு அக்கா படிக்கட்டருகே மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். தெருமுனையில் வறுத்த மீன் விற்பவர். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"நைனா, உன்னியத் தேடிக்கினு ஒரு ஆள் வந்தான். இன்சட் பண்ணிக்கினு, ஷூ போட்டுக்கினு. கையில போனு. வூட்டு கதவெல்லாம் போட்டோ புடிக்கிறான்."

"நீ இன்னாக்கா சொன்ன?"

"இன்னா சொல்வேன்? அப்டி யாரும் இங்க இல்லன்னுட்டேன். மேல் வூட்டுல கேட்டான், அதுங்களும் இல்லன்னுடுச்சுங்க. டீக்கடைல கேட்டான், அவன் 'அந்த பேர்ல ஒரு கெய்வன் இருந்தாரு, செத்துட்டாரு'ன்னுட்டான்." சொல்லும்போதே அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேஜாராயி போய்ட்டான். நீ பயப்படாத. இன்னா மேட்டரு?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

எங்கள் பக்கத்தில் மஃப்டி போலீஸ் மாதிரி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து ஒரு பையனின் பெயரைச் சொல்லிக் கேட்பவனுக்கு யாரும் உண்மை சொல்வதில்லை. பிடிக்காத பையன் என்றால், அதோ அந்த வீடு என்று கைகாட்டிவிடுவார்கள். எனக்காகத் தெருவே சேர்ந்து பொய் சொல்லியிருந்தது. புது வேலை விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் கூட்டிவந்து உட்கார வைத்திருப்பார்கள். ஆனால் அம்மா என்னை வாயே திறக்கவிடவில்லை. "வேலைல போய்க் குந்துற வரைக்கும் யாராண்டயும் மூச்சு வுடாத. கண்ணு பட்டுடும்."

கம்பெனிக்கு ஆதார் அட்டை, கரண்ட் பில், கதவுக்கு முன்னால் நான் நிற்கும் போட்டோ எல்லாம் அனுப்பினேன். மறுபடி பார்ப்பதாகப் பதில் வந்தது. பிறகு, அந்த இடம் நிரம்பிவிட்டதாக இன்னொரு பதில் வந்தது. யார்டிலும் என் இடத்துக்கு வேறொருவன் வந்திருந்தான். மேனேஜர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காலிப் பெட்டிகள் அடுக்கும் பக்கம் தினக்கூலியாக வரச்சொன்னார். அந்த மட்டுக்கு என் பெயர் உதவியது. "இன்னா மாமு, ஆபீஸர் சீட்டு அவுட்டா?" என்றார் ஒரு டிரைவர். விஷயம் எப்படியோ யார்டுக்கு எட்டியிருந்தது. தெருவுக்கு மட்டும் எட்டவில்லை.

இப்போது பாரிமுனையில் ஒரு சிறிய கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. இங்கேயும் முகவரி பார்க்க ஆள் வருவானாம். அம்மாவிடம் கேட்காமலே கீழ் வீட்டு அக்காவிடம் சொல்லிவிட முடிவு செய்து, தெருமுனைக்குப் போனேன். சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய மகன் சுவரில் சாய்ந்து வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தான். என்னைவிடச் சற்றுப் பெரியவன். ஏதோ வழக்கில் சந்தேகத்தில் போலீஸார் அழைத்துப்போனார்கள். வழக்கில் அவன் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குள் அடியில் ஒரு கால் விளங்காமல் போய்விட்டது. இழுத்து இழுத்துத்தான் நடப்பான்.

"அக்கா, இனிமே யார்னா வந்து என்னியக் கேட்டா, இங்கதான் கீறான்னு சொல்லு. வேலைக்காக வர்றாங்க. போன தபாவும் அதுக்குத்தான்..."

அக்கா கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வருவது தெரிந்தது.

"என்னாலயா நைனா போச்சு?"

"அதெல்லாம் இல்லக்கா."

மீனைத் திருப்பிப் போட்டார். மகன் பக்கம் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்: "இவனக் கேட்டு வந்தப்போ, கீறான்னுதான் சொன்னேன். மாடில தூங்கிக்கினு கீறான்னு, நானே கூட்டிக்கினு போயி காட்டுனேன்."

மகன் இலை நறுக்குவதை நிறுத்தவில்லை.

அக்கா மீனை எண்ணெயிலிருந்து எடுத்தபடி, "சரி, சொல்றேன்" என்றார். ஒரு துண்டு மீனை இலையில் வைத்து நீட்டினார். வாங்கித் தின்றேன்.

முகவரி பார்க்கும் ஆள் இன்னும் வரவில்லை. தினமும் காலையில் யார்டு கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறேன். சாயங்காலம் அதைத் திரும்ப வாங்கும்வரை, அக்காவால் 'கீறான்' என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியுமா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.