மூட்டுக்குச் சிவப்பு, இடுப்புக்கு வெள்ளை

சுனாமி அலை வந்துபோனதற்கு அடுத்த கோடையில் என் மூட்டுவலியும் இடுப்புவலியும் கூட்டுச் சேர்ந்துகொண்டன. மரக்காணம் உப்பளத்தில் குனிந்து உப்பு வாருகிற எல்லோருக்கும் ஏதாவது ஓர் இடம் வலிக்கும். எனக்கு வலியைவிடப் பயம் அதிகம். தலைவலி வந்தால் மூளையில் கட்டி என்று முடிவு கட்டிவிடுவேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்னும் படித்திருந்தால் பயப்பட நல்ல நல்ல நோய்ப் பெயர்கள் கிடைத்திருக்கும்.

இடுப்புக்கு மெடிக்கலில் வெள்ளை மாத்திரை வாங்கினேன். மூட்டுக்குப் பக்கத்து வீட்டு பாயம்மா சிவப்பு மாத்திரை கொடுத்தார், துபாயிலிருந்து அவர் மகன் அனுப்பியது. ஒரே மாத்திரையை இரண்டு வலிக்குப் பங்கு போட்டால் பத்தாது என்பது என் கணக்கு.

சிவப்பு மாத்திரை டப்பாவில் அரபி எழுத்து. போட்டுக்கொள்ளப் பயந்து, "என்னா எழுதியிருக்குதுன்னு படிச்சி சொல்லுங்கக்கா" என்றேன். பாயம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டப்பாவைக் கையில் வாங்கினார்.

"ஜேர் ஜபர் ஒண்ணும் போடலையே, எப்படி ஓதுறது?" என்று எழுத்துக்கு மேலேயும் கீழேயும் குறிகளைத் தேடினார். பிறகு அவராகவே குத்துமதிப்பாக ஓதினார். நடுவில் ஓரிடத்தில் குரல் இறங்கியது.

"அங்க எதுனா எச்சரிக்கை இருக்குதாக்கா?"

"மூச்சு வாங்கிச்சி தம்பி. எனக்கு ஓதத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. கால் படுற எடத்துல மட்டும் வெச்சிடாத."

அதனால் டப்பாவைச் சாமிப் படங்களின் வரிசையில், அரபி எழுத்து தெரியும்படி நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை என் மனைவி அதற்கும் சேர்த்தே ஊதுவத்தி காட்டினாள். விடிவதற்குள் உப்பளம் போகவேண்டும் என்பதால் இரண்டு மாத்திரையும் வெறும் வயிற்றில்தான் இறங்கின. சில வாரத்தில் நெஞ்சுக்குக் கீழே அடுப்பு எரிந்தது. உள்ளூர் மாத்திரையும் வெளிநாட்டு மாத்திரையும் உள்ளே சண்டை போடுகின்றன என்று நினைத்தேன். பிறகு வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பு. மனைவியிடம் சொன்னேன்.

"யோவ், உப்புல நிக்கிறவன் வெள்ளையாத்தான் போவணுமா?" என்றாள். சிரிக்கவில்லை நான். செத்துப்போவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா, சாப்பிடுகிற மாத்திரையை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். டப்பாவைத் துவைத்த துண்டில் சுற்றி இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் சட்டென்று அதைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க இங்கிலீஷ். அந்தப் பக்கம் இத்தனை நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏம்பா, ரெண்டும் ஒரே மருந்து. கலர்தான் வேற. வெறும் வயித்துல டபுளா போட்டு வயிறு புண்ணாயிடுச்சி. கறுப்பா போறது ரத்தம்."

"அப்போ மூட்டுக்குன்னு தனியா இல்லீங்களா?"

"மூட்டு எது, இடுப்பு எதுன்னு மாத்திரைக்குத் தெரியுமா?"

ரத்தத்தைச் சோதித்தார். இரண்டையும் நிறுத்தச் சொல்லி, வயிற்றுக்கு மாத்திரையும் வலிக்கு வெந்நீர் ஒத்தடமும் சொன்னார். "ரெண்டு மூணு நாள் கறுப்பாத்தான் போவும். அதுக்கு மேலயும் கறுப்பா போனாலோ தலை சுத்தினாலோ ஓடியா, பெட்டுல சேத்துடுவேன். தெனமும் கலர் பாரு."

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியிடம் போய்ச் சொல்லுகிற வேலையா இது? வெளிக்குச் சவுக்குத் தோப்புக்குப் போனால் கலரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவே மனம் வராது. விஷயம் உப்பளம் முழுக்கப் பரவி, பாத்திக்குப் பாத்தி விசாரித்தார்கள்.

"ஏம்பா, இன்னிக்கி என்னா கலரு?"

"கத்திரிக்கா கலரு."

"நேத்திக்கி தாருன்ன. தேவலாம் போ!"

மூட்டு விண்விண் என்று தெறித்தது. மாத்திரை இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உப்பு வாரினேன். வலி பழகியதுதான், கறுப்புதான் பழகவில்லை.

ஒரு நாள் காலை தோப்பிலிருந்து நொண்டிக்கொண்டே ஓடிவந்தேன். "மஞ்சள்! மஞ்சள்!" என்று நான் போட்ட கத்தலில் வாருபலகைகள் எல்லாம் நின்றன. யாரோ விசிலடித்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. கட்டிப்பிடிக்கப்போன என்னை, பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த மனைவி பலகையை நீட்டித் தடுத்தாள்.

"யோவ், மொதல்ல கால் கழுவிக்கினு வாய்யா."