ஜாம் பன்னுக்கு எறா

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள். அதுக்கப்புறம் பேனா பிடிச்சது கையெழுத்துப் போட மட்டும்தான். எது முன்னாடி நடந்தது, எது பின்னாடி நடந்தது என்பதும் இப்போ மறந்துபோகுது. மீன் தொட்டி வச்சிருக்கிற ஆளுங்க எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன புத்தகம் போடறாங்களாம். அவங்க அவங்க வீட்டுத் தொட்டியைப் பத்தி எழுதித் தரணுமாம். கேட்டது என் வீட்டுக்காரரை. அவர், "ஊட்னது நீ. நீயே எழுது" என்று பேப்பரை என் பக்கம் தள்ளிவிட்டார்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலிலிருந்து ரெண்டு தெரு உள்ளே. அவர் ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். வேலை விட்டதும் சும்மா உட்காரத் தெரியாமல் கொளத்தூர் கலர் மீன் கடைகளைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினார். சாதாத் தொட்டி இல்லை, கடல் தண்ணித் தொட்டி. அதில் ஆரஞ்சு மீன் ரெண்டு, நீட்டு மீசை வச்ச கோடு போட்ட எறா, அதான் இறால், ஒன்று, அப்புறம் பவளம்.

பவளம் என்றால் மோதிரத்தில் வைக்கிற கல் என்றுதான் நான் நினைச்சிருந்தேன். இது சதை, உசிரு உள்ளது. நம்ம கடலில் எடுத்தது இல்லை, எடுக்கவும் கூடாதாம். வெளிநாட்டில் தொட்டியிலேயே வளர்த்து அனுப்புறதாம்.

கீழ் வீட்டு அம்மாவுக்கு எங்கள் தொட்டி என்றால் சிரிப்பு. "எதிர்ல அம்மாம்பெரிய கடல் கீது, நீங்க இன்னாடான்னா உப்ப வாங்கியாந்து பக்கெட்ல கடல் காச்சிக்கினு கீறீங்க!"

"அந்தக் கடல்ல டீசல் கீதும்மா. இதுல இல்ல" என்பார் இவர்.

தொட்டியில் இருந்த பவளத்திலேயே பெரியது சாஸர் அளவு இருக்கும். வட்டமாக, உப்பலாக, ஓரமெல்லாம் மடிப்பு மடிப்பாக, நடுவில் வாய். கடைக்காரர் சொன்ன இங்கிலீஷ் பேர் என் வாயில் நிற்கவில்லை. எனக்கு அதைப் பார்த்தால் பேக்கரியில் ஜாம் தடவி வச்ச பன் மாதிரி இருந்தது. அந்தச் செகப்பு, அந்தப் பளபளப்பு. அதனால் ஜாம் பன் என்றே கூப்பிட்டேன். அப்புறம் அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சார்.

கொஞ்ச காலம் போனது. அவருக்கு ஜாம் பன்னைப் பத்திக் கவலை பிடிச்சது. "பழுப்பாயிக்கினே வருது, பாத்தியா?" என்பார். லைட்டை மாத்தினார். தண்ணியை மாத்தினார். எனக்கு அது செகப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் நாம பார்க்கிற நிறம் வேற, விஷயம் தெரிஞ்சவங்க பார்க்கிற நிறம் வேறயோ என்று வாயை மூடிக்கொண்டேன். நிஜமாகவே அதுக்கு ஒரு பக்கம் சதை சுருங்கி, அடியில் இருக்கிற வெள்ளை எலும்பு பல்லு பல்லாக வெளியே தெரிந்தது. எலும்பு எனக்கும் தெரிந்ததால், அவர் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதுக்குள்ளே அவருக்கே பார்வை போதவில்லை. தீனிக்கு நறுக்கின எறாத் துண்டை இடுக்கியில் பிடிச்சு பன்னின் வாய்க்குக் கொண்டுபோனால் பக்கத்துக் கல்லில் வைப்பார். பெரியவன் ஊரிலிருந்து வந்து கண் டாக்டரிடம் அழைச்சுக்கொண்டு போனான். புரை, ரெண்டு கண்ணிலும். முதலில் ஒரு கண்ணில் எடுத்துவிடலாம் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஹார்பரில் கூட வேலை பார்த்த தோஸ்துக்கு போன் போட்டார். அந்தத் தோஸ்து இப்போ மாதவரத்தில் இருக்கிறார், அவரிடமும் தொட்டி உண்டு.

"மாமு, தொட்டிய நீ எடுத்துக்கினு பூடு. எனக்குக் கண்ணும் செரியில்ல, அதுவும் செத்துக்கினு கீது. என் எதிர்ல சாவ வேணாம்."

"மொதல்ல கண்ண பாரு. கடைசி செக்கப் முடியட்டும், அடுத்த ஞாயித்துக்கெயம குட்டி யானையோட வர்றேன்" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. குட்டி யானை என்றால் சின்ன லோடு வண்டி.

நான் சமையல்கட்டில் இருந்தேன். கையில் இருந்த வெங்காயம் அப்படியே நின்றது. சாயங்காலம் அந்த நீல வெளிச்சம் இல்லாமல் எங்கள் ஹால் எப்படி இருக்கும்? எனக்கு அது வேணும் என்று சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். ஆனால் எனக்கு இது வேணும் என்று கேட்டுப் பழக்கமே இல்லை. வண்டி வரும்வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அதுக்குள்ளே பன் தேறிவிட்டால் அவர் மனசு மாறும் என்று ஒரு நினைப்பு.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கிரேன் உச்சியில் உட்கார்ந்து டீ குடிச்ச மனுஷன், ஒரு சொட்டு மருந்துக்குக் கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டார். வெயிலுக்கும் கூசுகிற வெளிச்சத்துக்கும் போடுங்கள் என்று டாக்டர் கொடுத்த கருப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்ளேயும் கழட்டவில்லை. சோறு துன்னும்போதும் கண்ணாடி, சாமி கும்பிடும்போதும் கண்ணாடி. குனியக் கூடாது, தண்ணியில் கை விடக் கூடாது. கட்டிலில் படுத்தபடியே எனக்கு ஆர்டர் போட்டார்.

"அலை மோட்டார நிறுத்து. கைய சோப்பு போடாம கயுவு. அந்தக் கவரிங் வளையல கழட்டு. செம்பு பட்டா அதுக்கு வெசம்."

"வெறுங்கையா நிக்க சொல்றியா? கல்லு மாரி மனுஷன் எதிர்ல படுத்துக்கினு கீறப்போ?"

"செத்துப்போச்சுன்னா இன்னாமே பண்ணுவ?"

"யாரு, நீயா? அதுவா?"

அன்றைக்கே வண்ணாரப்பேட்டைக்குப் போய் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். இந்த வயசில் கண்ணாடி வளையல் குலுங்கக் குலுங்க மெட்ரோவில் வந்தது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் ரெண்டு ஆரஞ்சு மீனும் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டன. நான் தொட்டிப் பக்கம் கை தூக்கினாலே மேலே வந்து நிற்கும்.

எறா கொண்டுவருகிறவள் காத்திவாக்கத்துக்காரி. கழிமுகத்தில் பிடிச்சதை அன்னக்கூடையில் வச்சுக்கொண்டு வருவாள்.

"இன்னா பெரிம்மா, நாலே நாலு எறாவா? குயம்பு வைக்கிறியா, மருந்து அரைக்கிறியா?"

"எங்க வூட்டு பன்னுக்கு."

"பன்னு எறா துன்னுதா?" என்று கூடையை இறக்கிவிட்டு மாடி ஏறி வந்து பார்த்தாள். கண்ணாடியில் மூக்கை வச்சுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். "நல்லா வாயக் காட்டுது பாரேன். என் மாமியாக்காரி மாரியே கீது" என்று சொல்லி, இன்னொரு எறாவைச் சும்மா போட்டுவிட்டுப் போனாள்.

முதல் தடவை ஊட்டியது ஞாபகம் இருக்கிறது. எறாவை ஓடு உரிச்சு, நரம்பு எடுத்து, கொத்தமல்லி விதை அளவுக்கு நறுக்கிக் கொண்டுபோனேன். பன் வாயைத் திறந்து வாங்கியது. வாங்கி, கொஞ்ச நேரம் வச்சிருந்து, அப்படியே வெளியே தள்ளிவிட்டது. இன்னொன்று வச்சேன். அதையும் தள்ளியது. துண்டைச் சுத்தி லேசாக ஒரு மஞ்சள் புகை. அப்போதுதான் எனக்கு உறைச்சது. எறா என்று கையில் எடுத்தாலே உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசிறிக் கழுவுகிற கை இது. அது பாட்டுக்கு வேலையைச் செய்திருக்கிறது!

இடுக்கியால் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு அவரிடம் போய்ச் சொன்னேன். கட்டில் குலுங்கச் சிரிச்சார்.

"சிரிக்காதய்யா, கண்ணு, கண்ணு!"

"மொளகாத்தூளு போட்டியாமே? எண்ணெய் காய வச்சியா?"

தண்ணியைச் சுத்தம் பண்ணுகிற கரிப் பையை எடுத்து, தொட்டியில் தண்ணி ஓடுகிற இடத்தில் வைக்கச் சொன்னார். மறுநாள் தண்ணி தெளிந்துவிட்டது. அன்றையிலிருந்து பன்னுடைய எறாவுக்குத் தனிக் கிண்ணம், வெறும் தண்ணி.

இப்போ பன் தள்ளவில்லை. ஆனாலும் இளைச்சுக்கொண்டே இருந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்லணும். ஒருத்தர் சாப்பிடும்போது வாயைப் பார்க்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். இந்த வயசு வரைக்கும் அடுத்தவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவர் சாப்பிட்டு எழுந்தபிறகு சமையல்கட்டில் சுவர் பார்த்துச் சாப்பிடுவேன். அதனால் பன்னுக்கு வாயில் வச்சதும் நானாக முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மரியாதைக்கு!

ஒரு நாள் தற்செயலாகத் திரும்பிவிட்டேன். மீசைக்கார எறா பன்னின் மேலேயே ஏறி நின்று, அதன் வாய்க்குள் காலை விட்டு, துண்டை இழுத்துத் துன்றுகொண்டிருந்தது. பன் வாயை மூடுகிறதே ஆமை நடை. மூடுவதுக்குள்ளே திருடன் வேலையை முடிச்சுவிடுவான்.

"அடப்பாவி, எறாவே எறாவத் துன்னுதே!" என்று கத்திவிட்டேன். அவர் பதறிப்போய் எழுந்தார்.

விஷயத்தைக் கேட்டதும், "தண்ணி பாட்ல பாதியா வெட்டி அது மேல கவுத்து வைமே. மூடிய எடுத்துட்டு மேல ஓட்ட வழியா போடு. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார்.

"தெரிஞ்சுமா இத்தினி நாளு சும்மா இருந்த?"

"எனக்கு திருடன் தெரிஞ்சாத்தானே?"

பாட்டில் வந்தபிறகு ஊட்டுவது ஒரு ஆனந்தம். சாயங்காலம் லைட் மங்கினதும் பன் ஓரத்திலிருந்து குட்டிக் குட்டி விரல்களை நீட்டும். அப்போ பாட்டிலைக் கவிழ்ப்பேன். தவறி என் விரல் பன்னின் மேல் பட்டுவிட்டால் நுங்கு மாதிரி வழுக்கும். ஓட்டை வழியாகத் துண்டு இறங்கும். விரல்கள் ஒட்டிப் பிடிக்கும். வாய் மெதுவாக விரியும், துண்டு உள்ளே போகும். வெளியே மீசைக்காரன் பாட்டிலைச் சுத்திச் சுத்தி வருவான். "போடா, உனக்கு அப்புறம்" என்பேன். வாரத்தில் ரெண்டு மூன்று தடவைக்கு மேல் கூடாது. பார்க்க ஆசையாக இருக்கிறது என்று தினமும் ஊட்டினால் அஜீரணம் ஆகிவிடும்.

இப்போ நான் முகத்தைத் திருப்பவில்லை, நன்றாகவே பார்த்தேன். அதுக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஒரு சாயங்காலம் எனக்கும் பசிச்சது. தட்டைக் கொண்டுவந்து தொட்டி எதிரே உட்கார்ந்து நானும் சாப்பிட ஆரம்பிச்சேன். கட்டிலில் இருந்த அவர் கருப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். "இன்னாமே, ஹால்ல துன்ற?" என்றார். "ஆமா" என்றேன். அதுக்கு மேல் அவர் ஊறுகாய் மட்டும் கேட்டார்.

பன் உப்பிக்கொண்டு வந்தது. சதை சுருங்கின பக்கம், எலும்பின் மேல் ஈரத் தாள் ஒட்டின மாதிரி மெல்லிசாக ஒரு செகப்புத் தோல் ஏறியது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கருப்புக் கண்ணாடியோடு குனியாமல் தள்ளி நின்று பார்த்தார். "இன்னாத்த காட்ற? கருத்தே பூட்ச்சு" என்று போய்ப் படுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

கடைசி செக்கப்பில் டாக்டர், "இதை ஏன் இன்னும் போட்டிருக்கீங்க?" என்று சிரிச்சுக் கண்ணாடியைக் கழட்டினார். வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் முதலில் பார்த்தது தொட்டியை இல்லை. அந்தப் பக்கமே திரும்பவில்லை. சுவரைப் பார்த்தார், சீலிங்கைப் பார்த்தார். "இன்னாமே, வூடு இம்மாங் கலீஜா கீது?" என்றார். கண்ணைத் திறந்துவிட்டதுக்கு எனக்குக் கிடைச்ச பரிசு!

ஞாயித்துக்கிழமை குட்டி யானை வந்து நின்றது. தோஸ்து பக்கெட், ட்யூப் எல்லாம் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். தண்ணியை இறைக்கும் முன்னாடி, "மாமு, ஒரு தபா பாத்துடு" என்று இவர் தோளைப் பிடிச்சுத் தொட்டி எதிரே உட்கார வச்சார். நான் சமையல்கட்டு வாசலில் நின்றேன். வளையல் சத்தம் போடாமல் கையை முந்தானையில் சுத்திக்கொண்டேன்.

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாமே, புச்சா வாங்கியாந்து வச்சியா? பழசு எங்க?"

"அதான்யா இது."

"இவ்ளோ செகப்பா?"

ஒரு கையால் ஆபரேஷன் பண்ணின கண்ணை மூடினார். "பழுப்பு" என்றார். கையை மாத்தி மறு கண்ணை மூடினார். "செகப்பு." மறுபடி மாத்தினார். "பழுப்பு. செகப்பு. பழுப்பு." கண்ணாமூச்சி ஆடுகிற மாதிரி மாத்தி மாத்தி மூடிக்கொண்டே இருந்தார்.

தோஸ்து வயித்தைப் பிடிச்சுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அடப் பேஜாரே! அது என்னிக்கிடா பழுப்பாச்சு? லைட்ட மாத்தின, தண்ணிய மாத்தின, கண்ண மாத்துனியா?"

இவர் சிரிக்கவில்லை. எலும்பு தெரிந்த இடத்தில் ஏறின புதுத் தோலைக் கண்ணாடி மேல் விரல் வச்சுக் காட்டினார். "இது நீ ஊட்னதா?" என்றார். அப்போ என் வாயிலிருந்து எப்படித்தான் வந்ததோ, "தொட்டி போவ வேணாம்யா. எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டேன். வேத்து மனுஷர் எதிரே!

"அத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? நீ வேணும்னு கேட்டிருந்தா நான் இத்த இவனுக்கு குடுப்பேனா?" என்று தோஸ்தைக் காட்டினார். வந்த வண்டி வெறுமனே போகக் கூடாது என்று எங்கள் பழைய பீரோவை ஏத்தி அனுப்பினோம். எறாக் குழம்பு வச்சேன், மஞ்சள் போட்டுத்தான். மூணு பேரும் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அந்த இன்னொரு கண்ணை அப்படியே விட்டுவிடலாம், ரெண்டு விதமாகப் பார்க்கலாம் என்று இவர் கொஞ்ச நாள் அடம் பிடிச்சார். நான் விடவில்லை. அதையும் பண்ணியாச்சு.

புத்தகம் போடுகிறவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துக் கொடுக்கணும். பன்னின் சரியான பேர், வாரத்துக்கு எத்தனை தடவை ஊட்டலாம் என்பது, கரிப் பையை எங்கே வைக்கணும் என்பது, இதிலெல்லாம் நான் தப்பாக எழுதியிருக்கலாம். அடிச்சுத் திருத்துங்கள், எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. நிறம் மட்டும் செகப்புதான். அதை மாத்தவேண்டாம்.