எட்டு இடங்களில் வரும் வசனம்

ஒரே மாதிரியான பன்னிரண்டு மாடிகளை அந்தத் துப்புரவுப் பெண் பதினெட்டு ஆண்டு மூன்று மாதமாகப் பெருக்கித் துடைத்து வந்தாள். மிச்ச நேரத்தில் ஏழு ஆண்டு உழைத்துக் குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தாள். நாற்பத்தொன்பது வயதில் அது லேசுப்பட்ட காரியம் அல்ல. ஆனால் இருபத்தாறாம் அத்தியாயம் மட்டும் அவளுக்குக் கண்டமாகவே இருந்தது. மார்க்கம் படித்த ஆலிமாவிடம் ஒப்புவிக்கும்போது இரண்டு முறை அதிலேயே இடறினாள். மூன்றாம் முறையும் இடறினால் மறுபடி ஒப்புவிக்க இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

அந்த அத்தியாயத்தில் நூஹ், ஹூத், ஸாலிஹ், லூத், ஷுஐப் என ஐந்து நபிமார்களின் கதைகள் வரிசையாக வருகின்றன. ஐந்தும் ஏறக்குறைய ஒரே சொற்களில் தொடங்கி, ஒரே சொற்களில் முடிகின்றன. அங்கேதான் நாக்கு தடம் மாறிவிடும்.

அவள் ஓதும்போது வசனங்களில் விரல் வைத்துச் சரிபார்ப்பவர் அவள் கணவர், குழாய் வேலைக்காரர். ஒரு மாலை அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஹூத் நபியோட கிளம்பினவ, லூத் நபி ஊர்ல போய் இறங்கிட்டியே."

"நல்லா சிரிங்க. அச்சுல வார்த்த மாதிரி பன்னெண்டு மாடி. ஒரு நாளாவது மாடி மாறிப் போயிருக்கேனா?"

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். மாடிகளுக்கு வாசலும் ஒன்று, தாழ்வாரமும் ஒன்று. நான்காவதை அவள் மீன் தொட்டியால் அறிவாள். ஏழாவதைக் கிறீச்சிடும் கதவால். ஓதும்போது மட்டும் வாசலையே உருப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்றுமுதல் ஒவ்வொரு கதையின் நடுவையும் பிடித்துக்கொண்டாள். தாழ்ந்தவர்கள் பின்பற்றும் உம்மை நாங்கள் நம்புவதா என்கிறார்கள் நூஹின் மக்கள். "நம்மள மாதிரி ஆளுங்களத்தான் சொல்றாங்க," என்றாள் கணவரிடம். ஹூத்தின் மக்கள் மேடுதோறும் வீண் கட்டடம் எழுப்புகிறார்கள். ஸாலிஹின் மக்கள் மலையைக் குடைந்து வீடாக்குகிறார்கள். லூத்தின் கதையில் பின்தங்கிவிடும் ஒரு கிழவி. ஷுஐபின் கதையில், ஏமாற்றாமல் நிறுக்கச் சொல்லும் தராசு. குற்றம் ஊருக்கு ஊர் வேறு, எச்சரிக்கை ஒன்றே. அதைக் காட்டத்தான் எல்லாக் கதைக்கும் ஒரே வாசல் என்று அவளுக்குப் பட்டது.

மூன்றாம் முறை, ஆலிமா கதைகளை முடிக்கும் அந்த வசனத்தைச் சொல்லி, "இதுக்கு அடுத்ததிலேர்ந்து ஓதுங்க," என்றார்.

"இது எட்டு இடத்துல வருதே, ஆலிமா. இந்த அஞ்சு கதைக்கு முன்னாடியே மூணு தடவை வந்துடுது. எந்த இடம்?"

ஆலிமா நிமிர்ந்து பார்த்தார். "எண்ணியே வச்சிருக்கீங்களா? சரி, ஸாலிஹ் நபி முடிஞ்ச இடம்."

லூத்தின் கதையை ஓதி முடித்து ஷுஐபுக்கு வந்தாள். முதல் நால்வரையும் 'அவர்களின் சகோதரர்' என்று சொல்லும் அத்தியாயம் ஷுஐபை அப்படிச் சொல்வதில்லை. அவளும் சொல்லாமல் கடந்து, அத்தியாயத்தின் கடைசிவரை ஓதி முடித்தாள்.

"பழக்க தோஷத்துல அங்கயும் சகோதரர்னு நிறைய பேர் சேர்த்துடுவாங்க. நீங்க எப்படித் தப்பிச்சீங்க?"

"தராசு வர்ற கதையாச்சே. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்னு பார்த்து ஓதினேன்."

ஆலிமா வாய்விட்டுச் சிரித்தபடி, பதிவேட்டில் இருபத்தாறுக்கு நேரே கையெழுத்திட்டார்.