யாரிடம் ஒப்படைப்பது

ஓசூரில் வக்கீல் தொழில் பார்த்து எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உத்தனப்பள்ளி சாலையில் இருக்கும் ஒரு கம்பெனி, தன் விடுதிப் பெண்களில் கிறிஸ்தவர்களை மட்டும் வாரம் ஒருமுறை வேனில் கொண்டுவந்து இறக்கும். பூசை முடிந்ததும் தலையை எண்ணி ஏற்றிக்கொண்டு போகும். அவர்களில் ஒருத்தி, செருப்பு மாட்டுவதுபோலக் குனிந்து என் காதருகே பேசினாள்.

"அக்கா, நீங்க வக்கீல்தான? எங்க ரூம்ல ஒரு பிள்ள வேலைய விட்டுட்டேன்னு சொல்லியும் வெளிய விட மாட்டேங்காங்க. போனையும் புடுங்கிட்டாங்க. அவ இந்து, கோயிலுக்குன்னும் வர முடியாது."

வார்டன் பார்ப்பதற்குள் வேனில் ஏறிவிட்டாள்.

மறுநாளே விடுதிக்குப் போனேன். வார்டன் மரியாதையாக நாற்காலி போட்டார். "அவங்கப்பா தென்காசியிலேர்ந்து வந்து கையெழுத்துப் போட்டாத்தான் மேடம் அனுப்புவோம். பொம்பளப் புள்ள பாருங்க, பாதுகாப்பு." அந்தப் பொம்பளப் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. ஓட்டுப் போடுகிறாள். இரவு ஷிஃப்டில் இவர்கள் மிஷினை ஓட்டுகிறாள். அதற்கெல்லாம் அப்பா தேவைப்படவில்லை. கேட்டைத் தாண்டிக் கால் வைக்க மட்டும் அப்பா வேண்டுமாம்.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையம். "வெளிய வுட்டு ஏதாச்சும் ஆயிட்டா யாரு மேடம் பொறுப்பு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பூட்டி வச்சதுக்கு யார் சார் பொறுப்பு?"

பதிலுக்கு வாசலைப் பார்த்துக் கன்னடத்தில் இரண்டு டீ சொன்னார். நான் டீக்குக் காத்திருக்கவில்லை. அடைத்து வைக்கப்பட்டவளை மீட்டுத் தரும்படி நீதிமன்றத்தில் மனு போட்டேன்.

நீதிபதியின் உத்தரவு போனதும் போலீஸ் கூட்டி வந்தது. என் கட்சிக்காரியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். குட்டையான பெண், தோளில் ஒரு பை. இந்த மாதிரி வழக்கில் எல்லா நீதிமன்றத்திலும் கேட்கிற கேள்வியையே நீதிபதியும் கேட்டார்.

"யார்கூடப் போக விரும்புறம்மா?"

அப்பா, அம்மா, காதலன், காப்பகம். பெண்கள் இதில் ஒன்றைச் சொல்வார்கள், எழுத்தர் எழுதிக்கொள்வார்.

"யார்கூடயும் இல்லய்யா. நான் தனியாப் போயிக்கிடுதேன்."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். நீதிபதி அவள் வயதுச் சான்றைப் புரட்டிப் பார்த்தார். வயது வந்த பெண், விருப்பப்படி போகலாம் என்று உத்தரவிட்டார். அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன்.

வராந்தாவில் ஏட்டு வழி மறித்தார். "இன்னாரு கிட்ட ஒப்படைச்சேன்னு காட்டணும் மேடம். யாராச்சும் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கினு போங்க. நீங்களே போட்டுடுங்களேன்." பேனாவை என் கையில் திணித்தார்.

ஒரு கையெழுத்துதான். போட்டிருந்தால் எல்லோரும் சாப்பிடப் போயிருக்கலாம். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அப்பா, வார்டன், இன்ஸ்பெக்டர், அடுத்ததாக நானா? கடையில் ரிப்பேருக்குக் கொடுத்த தையல் மிஷினா இவள், ரசீது போட்டு நான் வாங்கிக்கொண்டு போக?

"இவளை இவகிட்டயே ஒப்படைச்சேன்னு எழுதுங்க." கத்தித்தான் இருக்கிறேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"அப்படி எழுதற வழக்கமில்ல மேடம்."

"இன்னைக்கு எழுதுங்க."

ஏட்டு என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, காகிதத்தை இழுத்து வைத்து, தன் பெயரை முழுதாக எழுதினாள். "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். கேட்டைத் தாண்டியவள் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"எங்க மேடம் போவுது அந்தப் பொண்ணு?" என்றார் ஏட்டு.

"தெரியாது. நான் கேக்கல."