வாய்க்குப் பால்

சமயநல்லூர் மாயக்காள் கோபப்பட்டால் வாடிப்பட்டியில் கோழி முட்டையிடாது என்பார்கள். பொய். அரை மணி நேரம் தள்ளி இடும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் மதுரை ஆஸ்பத்திரியில் புருஷன் மொக்கையனின் தலைமாட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறாம் வருஷக் கோடை. கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைக்கையில் வடக்கயிறு அறுந்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தவன் மல்லாக்க விழுந்து, பின்மண்டை கல்லில் மோதிவிட்டது. காயம் நெல்லிக்காய் அளவுதான்; நினைவுதான் இல்லை.

டாக்டர் சொல்லியிருந்தார்: "மண்டைக்குள்ள எப்பவும் நீர் ஊறும், ஊறினது வடியும். இப்ப அடிபட்ட மூளை நீர் கோத்து வீங்குது, வடியுற வழியையும் நெருக்குது. கை கால் வீங்கினா தோல் இடம் கொடுக்கும். மண்டை ஓடு கொடுக்காதும்மா. தலையை உசத்தியே வைங்க. தண்ணியோ பாலோ நீங்களா ஊத்தாதீங்க. நாங்க அளந்து கொடுப்போம்."

மாயக்காளுக்குச் சட்டென்று விளங்கிற்று. வாய் குறுகிய செம்பில் கொண்டைக்கடலையை நிறைய ஊறப்போட்டு, விடிந்ததும் எடுக்க முடியாமல் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்.

மறுநாள் மொக்கையனின் பெரியப்பா பேயாண்டி, வண்டி நிறையச் சொந்தத்தோடு வந்திறங்கினார். கையில் பால் செம்பு. உயிர் போகுமுன் பங்காளிகள் ஆளுக்கொரு வாய் ஊற்றாவிட்டால் ஆவி அலையுமாம்.

"தள்ளு ஆத்தா, பால் ஊத்தணும்."

"யாருக்கு மாமா? மூச்சு விடுற மனுசனுக்கா?"

"நாக்கு வறண்டு கெடக்கான் பாரு! எந்தம்பியைத் தாகத்துல கொல்றியேடி!" என்று நாத்தனார் சோலையம்மாள் தலையணையை உருவப் போனாள்.

மாயக்காளுக்கு உச்சி கொதித்தது. பஞ்சத்தில் ஒரு செம்பு கூழ் நீட்டாத கைகள்! சாகப்போகிறான் என்றதும் நுரை அடங்குமுன் பால் கொண்டுவந்துவிட்டன. விழுங்கத் தெரியாமல் கிடப்பவனுக்கு இத்தனை வாய்ப் பாலா? செம்பைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தாள். "எம்புட்டுத் தைரியம் இருந்தா உசுரோட இருக்கவனுக்குக் கருமாதி பண்ண வருவீக!" அவள் போட்ட சத்தத்தில், நடக்கவே மாட்டாத இரண்டு நோயாளிகள் படியிறங்கி ஓடினார்கள். சொந்தங்கள் அவர்களையும் முந்தினார்கள்.

வீக்கம் மெல்ல வடிந்தது. கண் விழித்த மொக்கையன் கேட்டது, "தண்ணி."

ஈரத்துணியால் உதட்டை மட்டும் ஒற்றினாள். "டாக்டரு வரட்டும்."

"பாவி!" என்றான். அந்த வசவைக் கேட்டுத்தான் அவள் முதல் தடவையாக அழுதாள்.

வலது காலை மட்டும் இழுத்துக்கொண்டு அவன் ஊர் திரும்பினான். சாவடியில் பேயாண்டி ஊரைக் கூட்டிச் சொன்னார்: "அன்னைக்கு எங்க பாலு ஒரு வாய் உள்ள போயிருந்தா, அந்தக் காலும் வந்திருக்கும்."

தண்ணீர்க் குடத்தோடு போன மாயக்காள் நின்றாள்.

"ஒரு காலா மாமா? எட்டுக் காலு வந்திருக்கும். தூக்கிட்டுப் போக நாலு பேரு வேணும்ல."